கதவில் எழுந்த நம்பர்

கரட்டுப்பாளையத்தில் திங்கட்கிழமை சந்தை கூடும், சந்தை கூடினால் வேப்பமரத்து வரிசையில் வண்டிகள் நிற்கும், நிற்கிற வண்டிகளில் ஒன்று என்னுடையது, அது வெள்ளை. மற்றவையும் வெள்ளைதான், ஏனென்றால் எங்கள் ஊரில் எண் ஜோசியம் பார்க்கிற நம்பர்க்காரர் வையாபுரியைக் கேட்காமல் யாரும் வண்டி வாங்குவதில்லை, அவர் வெள்ளையைத் தவிர வேறு நிறம் சொன்னதில்லை. இரண்டு கிலோ தக்காளியும் ஒரு கட்டு அரைக்கீரையும் என் மகள் இனியாவுக்கு ஒரு பலூனும் வாங்கிக்கொண்டு நான் திரும்பியபோது என் காரின் பின்கதவு தோசைக்கல் அகலத்துக்கு உள்ளே போயிருந்தது. இடித்தவரைக் காணோம். பக்கத்தில் வெங்காயம் விற்றவர் பார்க்கவில்லை என்றார், பக்கத்துக்குப் பக்கத்தில் பூண்டு விற்றவர் வெங்காயக்காரர் பார்த்திருப்பார் என்றார், இனியா மட்டும் அந்தப் பள்ளத்தில் முகத்தை வைத்துப் பார்த்து, "அம்மா, என் மூஞ்சி பெருசாத் தெரியுது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அழுதால் தக்காளி நசுங்கும் என்று பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன்.

என் வீட்டுக்காரர் பூபதி போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறார். தை மாதம் கிளம்பினால் வடக்கே சத்தீஸ்கர் வரைக்கும் துளை போட்டுக்கொண்டே போய், மழை பிடித்தால்தான் திரும்புவார். அவர் இல்லாத மாதங்களில் இந்தக் காரை நான் ஓட்டுகிறேன். காலையில் ஐந்து டீச்சர்களை ஏற்றிக்கொண்டு கரட்டடிப் பள்ளிக்கூடத்தில் விடுவேன், சாயந்திரம் அழைத்துவருவேன். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நானும் பத்தாவது வரைக்கும் படித்தேன், அதனால் அந்த வழியில் எந்தக் குழி எங்கே என்று எனக்கு மனப்பாடம். கார் வாங்கும்போது முன்னால் நின்று கையெழுத்துப் போட்டவர் பூபதியின் அண்ணன் நாச்சிமுத்து. பொம்பளை கையில் ஸ்டீரிங் இருப்பது அவருக்குப் பிடிக்காது. பிடிக்காது என்று அவர் சொன்னதில்லை. நான் வண்டியை எடுக்கும்போதெல்லாம் தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான்.

அன்றைக்கு அவர் செருமவில்லை. கதவைத் தடவிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், எட்டி நின்று பார்த்தார்.

"நின்ன வண்டியை எவன் அம்மிணி வந்து இடிப்பான்?" என்றார்.

"அதத்தான் மாமா நானும் கேக்கறேன்."

"நீ எங்கியோ செவுத்துல தேச்சிட்டு வந்து சந்தைன்னு சொல்றியோ என்னமோ."

"செவுத்துல தேச்சா கோடு விழும் மாமா. இது குழி."

"குழியிலயும் வகை இருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் என் மாமியாரைப் பார்த்தார். மாமியார் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. "ஒரு வாரம் டைம் தர்றேன். அடுத்த சந்தைக்குள்ள இடிச்ச ஆளைக் காட்டு. இல்லாட்டிச் சாவியைக் குடுத்துரு, நான் ஒரு டிரைவரப் போட்டுக்கறேன். நீ ஊட்டுல புள்ளையப் பாரு."

ராத்திரி போன் பண்ணினபோது பூபதியும் முதலில் அதைத்தான் கேட்டார். "நெசமாச் சொல்லு கோகிலா, நீயா இடிச்ச?" அப்புறம் லைன் கட்டாகிவிட்டது. நல்லவேளை கட்டானது, இல்லாவிட்டால் நான் கட் பண்ணியிருப்பேன்.

ஒரு சின்ன அடிக்கு எத்தனை வழி இருக்கிறது என்று எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. இன்சூரன்ஸ்காரரைக் கேட்டால் போலீசில் எழுதிக்கொடுத்துவிட்டு வா என்றார், ஏட்டய்யாவைக் கேட்டால் வண்டி நம்பர் இருந்தால் எழுதலாம் என்றார், டிங்கர் ஜாபர் பாயைக் கேட்டால் இதற்குப் போய் ஏன் இத்தனை பேரைக் கேட்கிறாய், விட்டுவிட்டுப் போனால் ஒரு மணி நேரத்தில் தட்டி எடுத்துவிடுவேன் என்றார். தட்டி எடுத்துவிட்டால் ஆளை எப்படிக் காட்டுவது? நான் தட்டாமல் வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை விடியக்காலை வாசல் தெளிக்கப் போனபோது பள்ளத்துக்குள் இரண்டு எழுத்து வந்திருந்தது. கல்யாணச் சீர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்களே, ஊசிமுனையால் புள்ளி புள்ளியாக, அந்த மாதிரிதான் இருந்தது. டி, என். பாத்திரத்தில் புள்ளி உள்பக்கம் குத்தியிருக்கும். இதில் மேல்பக்கமாக எழும்பியிருந்தது, உள்ளேயிருந்து யாரோ குத்தின மாதிரி. நான் வாளியை வைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தேன். வேர்க்குரு மாதிரி நெருடியது. மாமியாரைக் கூப்பிட்டேன். அவர் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "நம்பர் வருதாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார்.

நம்பர்தான் வந்தது. புதன்கிழமை எங்கள் மாவட்டத்தின் எண் வந்தது, வியாழக்கிழமை இரண்டு எழுத்து. வெளி மாவட்டத்து வண்டியாக இருக்கும், யாரோ போகிற போக்கில் இடித்திருப்பார்கள் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் புதன்கிழமை வாயை மூடிக்கொண்டார்கள், வியாழக்கிழமை அந்த எழுத்து வரிசையைப் பார்த்துவிட்டு, இது இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடி முடிந்து ஊரே வண்டி வாங்கினபோது வந்த வரிசை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் எங்கள் வாசலில் நிற்க இடமில்லை. பால் ஊற்றப் போகிறவர்கள் எங்கள் வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள், டீக்கடைக்காரர் தூக்குப்போசியில் டீயை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்தார், யாரோ பள்ளத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் வைத்தார்கள், அதற்கு மேல் யாரோ குங்குமம் வைத்தார்கள், கார் அந்தக் கோலத்திலேயே டீச்சர்களை ஏற்றிக்கொண்டு போய்வந்தது. ஏட்டய்யா ஒருமுறை வந்து பார்த்து, "முழுசா வரட்டும், எழுதிக்கலாம்" என்றார். இன்சூரன்ஸ்காரர் மட்டும், எழுத்து வருகிற சேதாரத்துக்குத் தங்கள் படிவத்தில் இடமில்லை என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். நான் எல்லாரையும் பார்த்தேன். யார் கிட்ட வந்து பார்க்கிறார்கள், யார் தள்ளி நின்று பார்க்கிறார்கள், யார் பார்க்காமலே போகிறார்கள் என்று தோசை வார்த்துக்கொண்டே ஜன்னல் வழியாகக் கணக்கெடுத்தேன். கிட்ட வந்தவர்களைச் சந்தேகப்பட்டேன், எதற்கு இவ்வளவு கிட்ட என்று. தள்ளி நின்றவர்களைச் சந்தேகப்பட்டேன், எதற்கு இவ்வளவு தூரம் என்று. பால் சொசைட்டிச் செயலாளர் ஒருநாள் இனியாவுக்கு முறுக்குக் கொண்டுவந்து கொடுத்தார், அதுவரை அவர் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் கொடுத்து நான் பார்த்ததில்லை, முறுக்கை வாங்கி மாட்டுக்குப் போட்டேன். வீட்டுக்கு வீடு பெண்கள், "அந்தத் திங்கக்கிழமை நீங்க எங்க போனீங்க?" என்று வீட்டுக்காரர்களைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் கேள்விக்கு என் கதவுக்குச் சம்பந்தமில்லாத பதில்களெல்லாம் வெளியே வந்து, இரண்டு வீட்டில் அடுப்பு எரியவில்லை.

நம்பர்க்காரர் தினமும் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் நீளமான ஒரு நோட்டு. ஊரில் எந்த வண்டிக்கும் நம்பர் பார்த்துக் கொடுப்பது அவர்தான் என்பதால் எல்லா வண்டியும் அந்த நோட்டில் இருந்தது. கரட்டுப்பாளையம் என்ற பேருக்கே ஒன்பதுதான் ஒத்துவரும் என்று அவர் எப்போதோ சொன்னதிலிருந்து, இங்கே எந்த வண்டி நம்பரைக் கூட்டினாலும் ஒன்பதுதான் வரும். எட்டு வந்தால் சனி, அந்த நம்பரை ஓசியில் கொடுத்தாலும் எங்கள் ஆட்கள் வாங்கமாட்டார்கள். ஒருத்தர் எட்டாம் நம்பர் பஸ்சில் ஏறாமல் மூன்று மைல் நடந்துபோய்க் கல்யாணத்துக்குப் பந்தி முடிந்து சேர்ந்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று வந்தது. நோட்டைப் புரட்டினார் நம்பர்க்காரர். "அந்த வரிசையில மூணுல ஆரம்பிக்கறது அஞ்சு வண்டி" என்றார். அந்த ஐந்தில் இல்லாதவர்கள் அங்கேயே ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், ஒருத்தர் ஓடிப்போய் ஜிலேபி வாங்கிவந்தார். சனிக்கிழமை ஒன்று வந்தது. மிச்சம் மூன்று வண்டி: பால் சொசைட்டி வேன், முட்டை வியாபாரி சென்னியப்பனின் வேன், அப்புறம் எங்கள் நாச்சிமுத்து மாமாவின் கார்.

அன்றைக்கு மாமா எங்கள் வீட்டில் சாப்பிட வரவில்லை. தன் காரைச் சாணி அள்ளுகிற தார்ப்பாயால் மூடி, நான்கு பக்கமும் கல் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்ன அம்மிணி, என்னையச் சந்தேகப்படறியா?"

"ஏன் மாமா, சந்தேகப்படக் கூடாதுங்களா?"

"நான் சந்தைக்கே வரலியே!"

"நின்ன வண்டியை எவன் வந்து இடிப்பான்னு நீங்கதான மாமா கேட்டீங்க. அது உங்களுக்கு எப்படித் தெரியும், நான் நிறுத்தித்தான் வெச்சிருந்தேன்னு?"

"நீதான அம்மிணி சொன்ன!"

நான்தான் சொன்னேன். ஆனாலும் அவர் முகம் கறுத்துப்போனதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வந்தது. மூன்று, ஒன்று, இரண்டு. மாமா வண்டியிலும் சொசைட்டி வண்டியிலும் அந்த இடத்தில் இரண்டு கிடையாது. மாமா ஒரு பெருமூச்சு விட்டார், தார்ப்பாயைத் தூக்கி எறிந்தார், அதிலிருந்து கூட்டத்தில் அவர் சத்தம்தான் பெரிய சத்தம்.

"நாளைக்கு வரைக்கும் எதுக்குக் காத்திருக்கோணும்?" என்று நம்பர்க்காரர் மெதுவாகக் கேட்டார். அவர் எப்போதுமே மெதுவாகத்தான் பேசுவார், ஊர் கிட்ட வந்து கேட்கும். "மூணும் ஒண்ணும் நாலு. நாலும் ரெண்டும் ஆறு. ஒம்போது ஆகோணும்னா எத்தனை வேணும்?"

ஊர் முழுக்க விரல் மடக்கியது. கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் குழந்தையின் விரலை மடக்கினார்கள்.

"மூணு!"

"அப்ப மூவாயிரத்து நூத்தி இருவத்தி மூணு. நான் சொல்லலைங்க. எண் சொல்லுது" என்றார் நம்பர்க்காரர், நோட்டை மூடிவிட்டார்.

அந்த நம்பர் யாருடையது என்று நோட்டைப் பார்க்க வேண்டியதில்லை, காலையில் முட்டை வாங்குகிற எல்லாருக்கும் தெரியும். கூட்டம் அப்படியே சென்னியப்பன் அண்ணன் வீட்டுக்குப் போனது. நானும் போனேன். சென்னியப்பன் அண்ணன் ரோட்டில் கோழி குறுக்கே வந்தால் இறங்கி ஓட்டிவிட்டு ஏறுகிறவர், ஹார்ன் அடித்தால் முட்டை விரிசல் விடும் என்று ஹார்ன் அடிக்காதவர். அவர் திண்ணையில் முட்டை ட்ரே அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் தன் வலது கையைப் பார்த்தார். உதடு அசைந்தது, விரல் ஒவ்வொன்றாக மடங்கியது. இரண்டு தடவை மடக்கினார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"நானாத்தான் இருக்கும்."

அவர் மனைவி ருக்மணி அக்கா, "ஏனுங்க, என்னங்க சொல்றீங்க!" என்று கையிலிருந்த ட்ரேயைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் நான்கு உடைந்தது.

"இடிச்சிட்டு நிக்காமப் போயிட்டியா?" என்று மாமா கேட்டார்.

"போயிருப்பேனாட்ட இருக்குது" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, ரொம்பத் தணிந்த குரலில், "மன்னிச்சிரு அம்மிணி. எந்தக் கதவு?" என்று கேட்டார்.

ஊரே ஒரு வாரமாகத் தடவிப் பார்த்த கதவு. முட்டை வியாபாரத்தில் ஓய்வில்லாமல் அவர் மட்டும் வந்து பார்க்கவில்லை, சரி. ஆனால் இடித்தவருக்கு எந்தக் கதவு என்று தெரியாதா? மற்றவர்கள் அதைக் கேட்கவே இல்லை. அன்றைக்குச் சாயந்திரத்துக்குள் பாதி ஊர் முட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, மாரியம்மன் பண்டிகைக்கு அந்த வருஷம் காப்புக் கட்ட வேண்டியவர் அவர், அந்தப் பேரை அடித்துவிட்டு வேறு பேர் எழுதினார்கள். மாமா என்னிடம் வந்து, "சரி, நீ இடிக்கலைன்னு ஆச்சு. சாவி உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார், என்னமோ தன் மோதிரத்தைக் கழற்றித் தருகிற மாதிரி. ராத்திரி பூபதி போனில், "அதான் நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. சாவி இடுப்பில் இருந்தது, நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். இனியா காலை என் வயிற்றில் போட்டுக்கொண்டு தூங்கினாள், நான் எந்தக் கதவு எந்தக் கதவு என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

திங்கட்கிழமை விடிந்தபோது கடைசி எண் வந்திருந்தது. அது மூன்று இல்லை. இரண்டு.

நான் முந்தானையால் மஞ்சள் குங்குமத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், இரண்டுதான். மூன்று ஒன்று இரண்டு இரண்டு. ஆள் வர வர ஒவ்வொருத்தராகக் கூட்டினார்கள், கூட்டி முடித்ததும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

"எட்டு வருதே!"

"மறுக்காக் கூட்டு."

"எட்டுதான் வருது."

"அப்படின்னா கதவு தப்பாப் போட்டிருச்சு" என்றார் பால் சொசைட்டிச் செயலாளர். அதை ஊர் உடனே ஒத்துக்கொண்டது. ஆறு நாள் சரியாகப் போட்டுக்கொண்டுவந்த கதவு, ஏழாவது நாள் அசந்துபோய் ஒரு புள்ளி வரிசையை விட்டுவிட்டது, அதற்கும் அலுப்பு இருக்குமல்லவா என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தர் ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், இரண்டின் வாலைத் திருப்பி மூன்று ஆக்கிவிடலாம் என்று.

"என் வண்டி மேல ஆணி பட்டா உங்க கை இருக்காது" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், அவர் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

மாமா ஆற அமரக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தொண்டையைச் செருமினார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"எட்டு நம்பர் வண்டி இந்த ஊர்ல கிடையாது. இல்லாத வண்டி வந்து இடிக்குமா? அப்ப யாரும் இடிக்கலை. நீயேதான் எங்கியோ இடிச்சிட்டு வந்து, தெனமும் விடியக்காலையில ஆணியில குத்திக் குத்தி வெச்சிருக்கற. மத்ததெல்லாம் பாத்துக் குத்துனவ, கடைசியில கூட்டல்ல கோட்டை விட்டுட்ட. குடு சாவிய."

"உள்பக்கமிருந்து எழும்பியிருக்குது மாமா. கதவுக்குள்ள பூந்து குத்துனேனா?"

"சாவிய குடு கோகிலா."

என் பக்கம் யாராவது பேசுவார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டே வந்தபோதுதான் ஒரு முகம் குறைவது தெரிந்தது. ஆறு நாளும் கோழி கூப்பிடுகிறதற்கு முன்னால் வந்து நின்றவர், கடைசி எண் வருகிற அன்றைக்கு வரவில்லை.

"நம்பர்க்காரர் எங்கீங்க?" என்றேன்.

"அவரு எதுக்கு? அவரு நேத்தே சொல்லிட்டாருல்ல" என்றது கூட்டம்.

"அவரு வண்டி நம்பர் என்னங்க?"

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நம்பர்க்காரரிடம் ஒரு வெள்ளை வேன் இருந்தது. சென்னியப்பன் அண்ணனுக்கு நம்பர் பார்த்துக் கொடுக்கப் போன அதே நாளில், அதே கடையில், அதே மாதிரி வண்டியாக அவரும் ஒன்று எடுத்துக்கொண்டு வந்தார், கிரகப்பிரவேசம் பூமிபூஜை என்று ஊர் ஊராக அதில்தான் போய்வருகிறார், எல்லாருக்கும் தெரியும். அதன் நம்பர் யாருக்கும் தெரியவில்லை. முன்னால் எப்போதும் முழ நீளத்துக்கு ஒரு மாலை தொங்கும், பின்னால் திருஷ்டிக் கயிறும் எலுமிச்சம்பழமும். ஊரில் எல்லா வண்டி நம்பரையும் கூட்டிச் சொல்கிறவரின் நம்பரை யார் போய்க் கூட்டிப் பார்ப்பார்கள்?

"சாவி தர்றேன் மாமா" என்றேன். "நம்பர்க்காரர் ஊடு வரைக்கும் ஓட்டிட்டுத் தர்றேன்."

"அவரையா சந்தேகப்படற? நாக்கு அழுகிரும்."

அப்போது என் மாமியார் இனியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கார் வாங்கி இரண்டு வருஷத்தில் அவர் அதில் ஏறினதில்லை. "நாச்சிமுத்து, பொறவால ஏறு" என்றார். மாமா ஏறினார். குழிவிழுந்த கதவைத் திறந்துதான் ஏற வேண்டியிருந்தது.

நான் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினேன், பின்னால் ஊர் நடந்து வந்துகொண்டிருந்தது. நம்பர்க்காரர் வீட்டு ஷெட்டில் வேன் நின்றது. அதன் மூஞ்சியில் புது மாலை, கதம்பம், பூ வாடக்கூட இல்லை. வெள்ளிக்கிழமைதான் மாலை மாற்றுவார், இன்றைக்குத் திங்கள். அவர் வாசலில் வந்து நின்று, "வாங்க வாங்க" என்று எல்லாரையும் கும்பிட்டார். நான் கும்பிடவில்லை, நேராகப் போய் மாலையைத் தூக்கினேன்.

மூன்று ஒன்று இரண்டு இரண்டு. பம்பர் மூலையில் என் கதவின் கறுப்பு ரப்பர் பட்டை ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

நம்பர்க்காரர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அதே மெதுவான குரலில் பேச ஆரம்பித்தார், எல்லாரும் கிட்ட வந்தார்கள். அன்றைக்கு நம்பர் வாங்கப் போனபோது வரிசையில் ஒரு எட்டு நின்றுகொண்டிருந்ததாம், அதை யாராவது ஒருத்தர் எடுத்தே ஆகவேண்டும், விட்டால் ஊரில் ஒரு ஏழை தலையில் விழும், அதனால் யாருக்கும் சொல்லாமல் தானே வாங்கிக்கொண்டாராம், இரண்டு வருஷமாகச் சனியைத் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறாராம், சந்தையில் வண்டியைத் திருப்பினபோது பட்டதும் அந்தச் சனி பண்ணின வேலைதானாம்.

"சாமி, எங்களுக்காகவா?" என்று ஒரு குரல் உடைந்தது. பார்த்தால் எங்கள் மாமா. கை தானாகக் குவிந்திருந்தது. அவருக்குப் பின்னால் நாலைந்து கை குவிந்தது, இன்னும் கொஞ்சம் விட்டால் வேனுக்குச் சூடம் காட்டியிருப்பார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. டீச்சர்களுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, அதுதான் வந்தது.

"எட்டை நீங்க சுமங்க சாமி" என்றேன். "மூணை எதுக்குச் சென்னியப்பண்ணன் தலையில வெச்சீங்க?"

ஒன்பது வருகிற மாதிரி ஒரு பதில் தேடி அவர் விரலை மடக்கத் தொடங்கினார். குவிந்த கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின, மாமாவுடையதுதான் கடைசியாக இறங்கியது.

போலீசும் வேண்டாம், இன்சூரன்சும் வேண்டாம் என்றேன். என் காரை அவரே ஓட்டிக்கொண்டுபோய் ஜாபர் பாயிடம் விட வேண்டும், ஊர் பார்க்கப் பகலில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், கதவு நேராகி வருகிற வரைக்கும் அவருடைய வேன் என்னிடம் இருக்கும், மாலை இல்லாமல். அவர் வேன் சாவியை நீட்டினார். நான் கார் சாவியை நீட்டினேன். அந்த நேரம் மாமாவின் கையும் பழக்கத்தில் பாதி நீண்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மீசையைத் தடவிக்கொண்டது.

"எட்டுல போறியா அம்மிணி?" என்று கேட்டார்.

"நீங்களும் வாங்க மாமா, முன்னாடி உக்காருங்க."

அவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

பஸ் நிறுத்தத்தில் டீச்சர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. நான்கு பேர் நம்பரைப் பார்த்தார்கள், விரலை மடக்கினார்கள், அப்படியே நின்றார்கள். கணக்கு எடுக்கிற ரெஜினா டீச்சர் மட்டும் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டார். "எட்டாங்கிளாசுக்கே நான்தான் கிளாஸ் டீச்சர். இதவிட என்ன வந்துரப்போகுது? ஏறுங்கடி, பெல் அடிச்சிருவாங்க" என்றார். மூன்று பேர் ஏறினார்கள். ஒருத்தர் அடுத்த பஸ்சில் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

போகிற வழியில் சென்னியப்பன் அண்ணன் வீட்டு முன்னால் நிறுத்தினேன். அவர் வாசலில், திரும்பி வந்த ட்ரேக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ருக்மணி அக்கா. நான் வேனை விட்டு இறங்கி எல்லாவற்றையும் சொன்னேன். ருக்மணி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் அழவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அண்ணா, அந்தத் திங்கக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?"

"சேலத்துல. விடியக்காலையில முட்டை ஏத்திட்டுப் போனது, இருட்டித்தான் வந்தேன்."

"அது உங்களுக்கு ஞாபகம் இருந்துதுல்ல?"

"இருந்துது அம்மிணி. நல்லா இருந்துது."

"அப்புறம் எதுக்குண்ணா நானாத்தான் இருக்கும்னு சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார், இதென்ன கேள்வி என்கிற மாதிரி.

"எல்லாரும் கூட்டுனாங்கல்ல அம்மிணி. நானும் கூட்டிப் பாத்தேன். மூணுதான் வந்துது."

சொல்லிவிட்டு அவர் வேனின் நம்பரைப் பார்த்தார். உதடு அசைந்தது, வலது கைச் சுண்டுவிரல் தானாக மடங்கத் தொடங்கியது. ருக்மணி அக்கா அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

"கூட்டுனது போதும்" என்றாள். "டீச்சருங்களுக்கு நேரமாவுது, எந்திரிச்சு அம்மிணிய அனுப்பி வெய்ங்க."